ஒரு வோல்ட் ஆம்ப்ளிஃபயர்: கணக்கைக் குளிரில் போடுங்கள்

தலைகுந்தாவில் கேரட் போடும் என் சித்தப்பா ஒருநாள் கேட்டார்: "உறைபனி விழப்போகிறது என்று அரை மணி நேரம் முன்னால் கத்துகிற பெட்டி ஒன்று செய்து தர முடியாதா, அம்மா?" பெங்களூரில் பதினெட்டு ஆண்டுகள் சிப் வடிவமைத்துவிட்டுக் கோத்தகிரிக்குத் திரும்பியிருந்த நேரம். நவம்பரில் நீர்ப்பனியாகத் தொடங்குவது டிசம்பர், ஜனவரியில் உறைபனியாகிப் பயிரைக் கருக்கிவிடும். அந்த அரை மணி நேரம் கிடைத்தால் ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிடலாம்.

பெட்டிக்குள் ஒரு எல்ஆர்44 பட்டன் செல், ஒரு தெர்மிஸ்டர் (வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் உறுப்பு), அது தரும் மின்னழுத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரோடு நான் வடிவமைத்த சிப். செல் புதிதாக இருக்கையில் 1.5 வோல்ட், சாகும் தறுவாயில் 0.9. சராசரியாக 2 மைக்ரோஆம்பியர் இழுத்தால் ஆண்டுக்கு 17.5 மில்லிஆம்பியர்-மணி செலவாகும். அல்கலைன் செல் குளிரில் சோம்பேறி என்பதால் அட்டையில் போட்டிருக்கும் கொள்ளளவில் பாதியைத்தான் நான் நம்புகிறேன்.

சுற்று வரைவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுங்கள். செல் தரும் சப்ளை மின்னழுத்தத்தில் எந்த டிரான்சிஸ்டருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதுங்கள். பி-டிரான்சிஸ்டர் ஜோடி உள்ளீடு, மேலே மாறாத மின்னோட்டம் தரும் ஒரு கரண்ட் சோர்ஸ், கீழே ஒரு பக்க மின்னோட்டத்தை மறுபக்கம் நகலெடுக்கும் என்-டிரான்சிஸ்டர் கரண்ட் மிரர். பாடப்புத்தகத்தின் முதல் ஆம்ப்ளிஃபயர்தான். சப்ளை 1.0 வோல்ட். வீக் இன்வெர்ஷனில், அதாவது த்ரெஷோல்டுக்கு (டிரான்சிஸ்டர் திறக்கும் மின்னழுத்தத்துக்கு) கீழே, ஒரு டிரான்சிஸ்டர் சாச்சுரேஷனில், அதாவது மின்னோட்டம் ஏறக்குறைய மாறாத நிலையில், நிற்க 0.1 வோல்ட் போதும். என் சிப்பில் உள்ளீட்டு ஜோடியின் கேட்-சோர்ஸ் மின்னழுத்தம் 27 டிகிரியில் 0.48. ஆக உள்ளீடு 1.0 – 0.1 – 0.48 = 0.42 வோல்ட் வரை ஏறலாம். இது அறைக்குள் போட்ட கணக்கு.

இனி அதையே தலைகுந்தாவின் விடியற்காலையில் போடுங்கள். வெப்பம் ஒரு டிகிரி இறங்கினால் த்ரெஷோல்டு ஒன்றிரண்டு மில்லிவோல்ட் ஏறும். அதோடு ஃபேப்பிலிருந்து (சிப் தயாரிக்கும் ஆலையிலிருந்து) ஸ்லோ கார்னர் சிப், அதாவது த்ரெஷோல்டு கூடுதலாக அமைந்த மந்தமான சிப், வந்து சேர்ந்தால், 0.48 என்பது 0.58 ஆகிவிடுகிறது. உள்ளீட்டின் மேல் எல்லை 0.32. கீழே மிரரின் கேட் 0.65-க்கு ஏறியிருக்கும். உள்ளீட்டு டிரான்சிஸ்டருக்கு அதற்கு மேல் 0.1 வேண்டும், ஆகவே கீழ் எல்லை 0.17. மிஞ்சியது 150 மில்லிவோல்ட். செல் 0.9-க்கு இறங்கினால் வெறும் 50.

சப்ளையில் பாதியில் உள்ளீட்டை வைப்பது என் பழைய பழக்கம். அன்றைக்கு அப்படி வைத்திருந்தால் இந்தப் பெட்டி ஊமையாகியிருக்கும். தெர்மிஸ்டரை ஒட்டிய ரெசிஸ்டரை மாற்றி, உறைநிலைக்கு அருகில் சப்ளையில் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கும்படி செய்தேன். 1.0-க்கு 0.20, 0.9-க்கு 0.18. இரண்டும் எல்லைக்குள் அடங்குகின்றன. சிப்பை மாற்றாமல் ஒரு ரெசிஸ்டரில் தீர்ந்த வேலை. இடம் போதவில்லை என்றதும் பலர் கேட்டை விட்டுவிட்டு பல்க்கில் (டிரான்சிஸ்டரின் அடித்தளத்தில்) சிக்னலைக் கொடுக்கப் போகிறார்கள். அங்கே கேட்டில் கிடைக்கும் ஜிஎம்மில் (மின்னழுத்தம் மாறும்போது மின்னோட்டம் எவ்வளவு மாறுகிறது என்ற அளவில்) ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் வரும், இரைச்சலும் கூடும். வேறு வழியே இல்லை என்றால் மட்டும் தொடுங்கள்.

மின்னோட்டத்தை ஊகித்து வைக்காமல் தேவையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். எனக்கு 5 கிலோஹெர்ட்ஸ் வேகம் போதும், ஆம்ப்ளிஃபயர் ஓட்ட வேண்டிய கெப்பாசிட்டர் (லோடு) 5 பிகோஃபாரட். 2π-யோடு இரண்டையும் பெருக்கினால் ஜிஎம் சுமார் 157 நானோசீமென்ஸ். வீக் இன்வெர்ஷனில் ஜிஎம் பை ஐடி (ஜிஎம்மை மின்னோட்டத்தால் வகுத்தது) 25 கிடைக்கும் என்றால் ஒரு பக்கத்துக்கு 6.3 நானோஆம்பியர். சுவிஸ் கைக்கடிகாரச் சிப்புகளுக்காக எரிக் விட்டோஸ் போன்றவர்கள் 1970-களில் வகுத்த வழி இது, பட்டன் செல்லுக்கென்றே பிறந்தது. ஆனால் மின்னோட்டத்தால் எல்லாவற்றையும் வாங்கிவிட முடியாது. 5 பிகோஃபாரட்டில் சாம்பிள் செய்தால் சுமார் 29 மைக்ரோவோல்ட் இரைச்சல் இருந்தே தீரும். அதைக் குறைக்கக் கெப்பாசிட்டரைத்தான் பெரிதாக்க வேண்டும்.

மிரர்களையும் வீக் இன்வெர்ஷனுக்குத் தள்ளிவிடாதீர்கள். ஜிஎம் பை ஐடி 25 உள்ள மிரரில் இரு டிரான்சிஸ்டர்களின் த்ரெஷோல்டு 2 மில்லிவோல்ட் விலகினால் மின்னோட்டம் 5 சதவீதம் விலகும். சேனலை நீளமாக்கி 15-க்குக் கொண்டுவந்தால் 3 சதவீதம். பரப்பை நான்கு மடங்காக்கினால் விலகல் பாதியாகும்.

கருவி வாங்கக் காசில்லை என்பது இப்போது சாக்கு அல்ல. சிப் ஆலையான ஸ்கைவாட்டரின் 130 நானோமீட்டர் தயாரிப்பு முறையின் விவரங்கள் 2020 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. சிமுலேட்டரான என்ஜிஸ்பைஸ், லேஅவுட் வரையும் மேஜிக் இரண்டும் இலவசம். எந்த டிரான்சிஸ்டர் மாடலானாலும் முதலில் கேட் மின்னழுத்தத்துக்கு எதிரே மின்னோட்டத்தைக் காட்டும் ஐடி-விஜிஎஸ் கோட்டை லாக் அளவில் வரைந்து பாருங்கள். அறை வெப்பத்தில் மின்னோட்டத்தின் ஒவ்வொரு பத்து மடங்குக்கும் 80, 90 மில்லிவோல்ட் சாய்வோடு கோடு நேராக இறங்க வேண்டும். நடுவில் முடிச்சு விழுந்தால் நானோஆம்பியர் கணக்குக்கு அந்த மாடலை நம்பாதீர்கள்.

நான் வாங்கிக் கட்டிக்கொண்டது பயாஸில், அதாவது மற்ற பகுதிகளுக்கு மின்னோட்டம் வகுத்துத் தரும் சுற்றில். தன்னைத்தானே தாங்கி நிற்கும் பயாஸ் சுற்றுக்கு இரண்டு நிம்மதியான நிலைகள் உண்டு: ஒன்று நமக்கு வேண்டிய மின்னோட்டம், மற்றது பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து தட்டி எழுப்ப ஒரு ஸ்டார்ட்-அப் வேண்டும். சிக்கனம் பார்த்து, அணைந்த டிரான்சிஸ்டரின் கசிவையே அதற்கு நம்பினேன். மேசையில் நூறு முறை எழுந்தது. ஜனவரியில் ஒரு விடியற்காலை சித்தப்பா வயலில் செல்லை மாற்றினேன், சிப் எழவில்லை. கேரட் தழையெல்லாம் வெள்ளை. செல் செத்ததா, சால்டர் விட்டதா என்று புரியாமல் பெட்டியை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிடத்தில் விளக்கு மின்னியது. மேசையில் இருந்த கசிவு குளிரில் பல மடங்கு சுருங்கிவிட்டிருந்தது, என் கைச்சூடு அதைத் திரும்பக் கொடுத்தது. அம்மாவின் ஃப்ரீசரில் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்து மூன்று முறை உறுதிசெய்துகொண்டேன்.

அடுத்த சிப்பில், கேட்டைத் தரையில் கட்டிய மிக நீளமான பி-டிரான்சிஸ்டர் ஒன்று எப்போதும் ஓரிரு நானோஆம்பியரை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறது. சிமுலேஷனில் மைனஸ் 10 டிகிரி, ஸ்லோ கார்னர், சப்ளை 0.9. அந்தச் சப்ளையை ஒரு மைக்ரோசெகண்டில் ஏற்றியும் பாருங்கள், ஒரு வினாடி எடுத்து மெதுவாக ஏற்றியும் பாருங்கள். டிசி விடையை (எல்லாம் அடங்கிய பிறகான நிலையை) மட்டும் பார்த்தால் சிமுலேட்டர் நல்ல நிலையையே கண்டுபிடித்துக் காட்டி உங்களை ஏமாற்றிவிடும்.

சிப் கைக்கு வந்ததும் அளக்க வேண்டும். சப்ளைப் பாதையில் 10 கிலோஓம் வைத்து அதன்மேல் மில்லிவோல்ட் படியுங்கள்: 1 மைக்ரோஆம்பியருக்கு 10 மில்லிவோல்ட். எங்கள் ஊரில் இதற்கு வேறொரு எதிரியும் உண்டு. ஜூலை மாத மூடுபனி ஜன்னல் வழியே மேசைக்கே வந்துவிடும். பலகையில் ஒட்டிய சால்டர் ஃப்ளக்ஸ் ஈரத்தை உறிஞ்சி அதன் தடை 100 மெகாஓமாகச் சரிந்தால், ஒரு வோல்ட்டுக்கு 10 நானோஆம்பியர் வெளியே ஓடும். என் உள்ளீட்டு ஜோடி முழுவதும் குடிப்பதே 13. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பல்துலக்கும் பிரஷ் கொண்டு தேய்த்துக் கழுவி, ஹேர் டிரையரால் நன்றாக உலர்த்தி, சூடு ஆறியதும் அளக்கிறேன். சிப் இல்லாத வெற்றுப் பலகை ஒன்றையும் பக்கத்தில் வைத்து அதன் கசிவை முதலில் குறித்துக்கொள்கிறேன். அது 1 நானோஆம்பியரைத் தாண்டினால் அன்றைக்கு அளப்பதில்லை.