பழைய அமெரிக்கக் குவில்ட்டின் வயதைத் துணியைக் கொண்டே அறிவது எப்படி

அமெரிக்காவில் பழைய குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) ஒன்று கைமாறும்போது பெரும்பாலும் ஒரு கதையும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் கொள்ளுப்பாட்டி தன் கையால் தைத்தது என்பார்கள். தப்பியோடிய அடிமைகளுக்கு வழிகாட்ட வேலியில் தொங்கவிட்டது என்றும் சொல்வார்கள். இந்த வழிகாட்டும் குறியீட்டுக் கதை 1999-க்குப் பிறகு வெகுவாகப் பரவியது என்றாலும், அக்கால ஆவணங்களில் அதற்குச் சான்று இல்லை என்பதே வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோரின் முடிவு. சொல்லப்பட்டதை ஒரு தாளில் குறித்து ஓரமாக வைத்துவிட்டு, முதலில் துணியைப் பார்க்கத் தொடங்குங்கள்.

கைகளைச் சோப்பிட்டுக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டு, மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். கட்டிலின் மேல் சுத்தமான வெள்ளை விரிப்பைப் போட்டு அதன் மேல் குவில்ட்டைப் பரப்ப வேண்டும். குறிப்பெழுதப் பென்சில் மட்டுமே போதும். பேனா அந்த அறைக்குள்ளேயே வர வேண்டாம்.

குவில்ட் என்பது மூன்று அடுக்கு: துண்டுகளை இணைத்தோ ஒட்டுத்துணியாகப் பதித்தோ செய்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவிச் செல்லும் நூலோட்டமே அதைக் குவில்ட் ஆக்குகிறது. இந்த அடுக்குகள் ஒரே காலத்தவை என்று எண்ணிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. 1880-களில் மேல்துணியை மட்டும் தைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். 1930-களில் பேத்தி அதை எடுத்து, அப்போதைய வெள்ளைத் துணியை அடியில் வைத்து முடித்திருப்பாள். ஆகவே மேல்துணி, அடித்துணி, விளிம்புப் பட்டி மூன்றுக்கும் தனித்தனியாக வயது கணித்து எழுதுங்கள்.

கணிப்பதற்கு ஒரே விதிதான் உண்டு: குவில்ட் தன்னிடமுள்ள மிகப் புதிய துணியைவிடப் பழையதாக இருக்க முடியாது. வீட்டுப் பெண்கள் துணித் துண்டுகளைப் பல்லாண்டுகள் சேமித்து வைத்தார்கள் என்பதால், பழைய துணி ஒன்று இருப்பது எதையும் நிறுவாது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்தில் இருக்கிறது. அங்குள்ள கறுப்பினப் பெண்கள் உழைத்துத் தேய்ந்த வேலை உடைகளிலிருந்து குவில்ட் தைத்தவர்கள். 1972-இல் சியர்ஸ் என்னும் சில்லறை வணிக நிறுவனத்துக்காகக் கார்டுராய் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தம் அவ்வட்டாரக் கூட்டுறவுக்குக் கிடைத்தபோது, மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் வீட்டுக் குவில்ட்டுகளுக்குள் புகுந்தன. வரிவரியாகப் புடைத்த அந்தத் தடித்த துணி ஒரு குவில்ட்டில் தென்பட்டால், பக்கத்திலிருக்கும் கால்சட்டைத் துணி எவ்வளவு பழையதாக இருந்தாலும், தைத்த காலத்தைக் கார்டுராய்தான் முடிவு செய்கிறது.

அடுத்தது நிறம், இதில் நிதானமாக நேரம் செலவிடுங்கள். 1840-50-களில் வெள்ளைத் துணியின் மேல் சிவப்பும் பச்சையும் பதித்த வேலை பெரிதும் விரும்பப்பட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு உருவம் பதித்த பால்டிமோரின் ஆல்பம் குவில்ட்டுகள் அக்காலத்தவையே. அவற்றில் டர்க்கி ரெட் என்னும் சிவப்பு இன்றும் மங்காமல் நிற்கும். பச்சையோ மஞ்சளையும் நீலத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் பெற்றது என்பதால், ஒரு சாயம் வெளுத்ததும் இலைகள் நீலமாகவோ மஞ்சளாகவோ தனித்து நின்றுவிடும். இதற்கு மாறாக, 1884-இல் வந்த காங்கோ ரெட் போன்ற செயற்கைச் சிவப்புகள் வெளிச்சத்திலும் சலவையிலும் எளிதில் நிறம் இழப்பவை.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி பழுப்பு நிறம். அதை நிலைநிறுத்த இரும்பு உப்பைச் சேர்த்தார்கள், அந்த இரும்பே இழையை மெல்லத் தின்றுவிடுகிறது. ஒரு பூப்போட்ட துண்டை உருப்பெருக்காடியில் பாருங்கள்: இதழின் இளஞ்சிவப்பு அப்படியே இருக்கும், ஆனால் இதழைச் சுற்றி வரைந்திருந்த பழுப்புக் கோடு மட்டும் யாரோ நுண்கத்தரியால் வெட்டியெடுத்ததுபோல உதிர்ந்து, அந்த இடைவெளியில் உள்ளிருக்கும் பஞ்சு எட்டிப் பார்க்கும்.

1880-களின் கிரேஸி குவில்ட்டை எவரும் எளிதில் அடையாளம் காணலாம். ஒழுங்கற்ற பட்டு, வெல்வெட் துண்டுகளும் அவற்றின் ஓரமெல்லாம் எம்பிராய்டரியும் இருக்கும். பெரும்பாலும் பஞ்சே இருக்காது. எடை கூட்டுவதற்காக உலோக உப்பில் ஊறவைத்த பட்டு நீளவாக்கில் கீறல் கீறலாகப் பிளந்துகொண்டிருக்கும், அதை விரலால் தடவாதீர்கள். 1930-களுக்கோ வெளிர் பச்சையும் சிறு பூ அச்சுகளும், பிணைந்த வளையங்களாலான டபுள் வெட்டிங் ரிங் போன்ற வடிவங்களும் உரியவை. அக்காலத்தில் மாவு, தீவன மூட்டைகளின் துணியையும் பயன்படுத்தினார்கள். துண்டின் ஓரத்தில் சம இடைவெளியில் ஊசித்துளை வரிசை தெரிந்தால், அது மூட்டையின் வாயைத் தைத்திருந்த சங்கிலித் தையலின் தடமாக இருக்கக்கூடும்.

சில பழைய நம்பிக்கைகளைக் கைவிடுங்கள். வெளிச்சத்தில் பிடிக்கும்போது பஞ்சில் கறுப்புத் துகள் தெரிந்தால், அந்தக் குவில்ட், விதையைப் பிரிக்க ஈலை விட்னி 1794-இல் காப்புரிமை பெற்ற பஞ்சு அரவை இயந்திரத்துக்கு முந்தையது என்பார்கள். ஆனால் மலிவான பஞ்சில் விதைத் துணுக்குகள் இருபதாம் நூற்றாண்டிலும் இருந்தன. கைத்தையல் பழமைக்குச் சான்றல்ல, இயந்திரத் தையல் புதுமைக்கும் சான்றல்ல. எலியாஸ் ஹோவின் தையல் இயந்திரக் காப்புரிமையே 1846-க்குரியது. துணியில் தைத்திருக்கும் ஆண்டுகூட யாருடைய பிறப்பையோ திருமணத்தையோ நினைவுகூர்வதாக இருக்கலாம். இருட்டறையில் புற ஊதா விளக்கை அடித்தால், ஒரே ஒரு துண்டு அல்லது நூல் மட்டும் நீலவெண்மையாக ஒளிர்வது பிற்காலப் பழுதுபார்ப்பைக் காட்டும். முழுக் குவில்ட்டும் ஒளிர்ந்தால், யாரோ அண்மைக்காலச் சலவைத்தூளில் துவைத்திருக்கிறார்கள் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

நீங்கள் துவைக்காதீர்கள். நனைந்த பஞ்சின் பாரத்தில் பழைய நூல் அறுந்துபோகும், சாயமும் பக்கத்துத் துண்டில் இறங்கும். மெல்லிய வலையை மேலே விரித்து, மிகக் குறைந்த உறிஞ்சு விசையில் தூசியை எடுத்தால் போதும். பிளாஸ்டிக் உறையிலோ வெறும் மரப்பலகையிலோ வைக்காமல், துவைத்த பருத்தி விரிப்பில் சுற்றி வையுங்கள். மடித்தே ஆக வேண்டுமென்றால் அவ்வப்போது மடிப்பை இடம் மாற்றுங்கள். 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஜோனதன் ஹோல்ஸ்டைனும் கேல் வான்டர் ஹூஃபும் தங்கள் குவில்ட்டுகளை ஓவியங்களைப்போலச் சுவரில் மாட்டிக் காட்டியது முதல், எல்லோருக்கும் சுவரில் மாட்டும் ஆசை வந்துவிட்டது. ரசிகர்கள் பெருகியதற்கு அந்தக் கண்காட்சி பெரிய காரணம், அதற்கான விலையைத் துணிதான் கொடுக்கிறது. மாட்டுவதானால் வெயில் படாத சுவரில், முழு அகலத்துக்கும் குழாய்போலத் தைத்த பட்டியில் கழியைச் செருகி, சில மாதங்களுக்கு மட்டும் மாட்டுங்கள்.

கணிப்பை முடித்த பிறகு, நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் 1997-இல் தொடங்கப்பட்ட சர்வதேசக் குவில்ட் அருங்காட்சியகத்தின் தொகுப்பிலுள்ள காலம் உறுதியான குவில்ட்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி ஓரமாக வைத்த கதையை எடுக்கலாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ், 1886-இல் அம்மாநிலத்தின் ஏதென்ஸ் நகரக் கண்காட்சியில் வைத்த, பைபிள் காட்சிகளைப் பதித்த தன் குவில்ட்டை முதலில் விற்க மறுத்தார். பின்னர் வறுமையால் ஐந்து டாலருக்குக் கொடுத்தபோது ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருள் சொன்னார், வாங்கியவர் அதை எழுதி வைத்தார். இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் அந்தக் குவில்ட்டைப் பார்ப்பவர், தைத்தவர் சொன்ன விளக்கத்தோடு அதைப் பார்க்க முடிகிறது. நீங்களும் யார், எப்போது, என்ன சொன்னார் என்பதைத் துணியிலிருந்து நீங்கள் கண்டதோடு கலக்காமல் தனியாக எழுதுங்கள். உரிமையாளர் பெயரையும் குறிப்பேட்டின் எண்ணையும் தாங்கிய சிறு பருத்தித் துண்டை, ஊசி அடித்துணியில் மட்டும் இறங்கும்படி, பின்புறத்தின் கீழ் மூலையில் தளர்வாகத் தைத்துவிடுங்கள்.