டிஸ்னிலேண்டில் இல்லாத முயல்: சிறுவயதுப் பூங்கா நினைவுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுவயதில் போன கேளிக்கைப் பூங்காவைப் பற்றிக் குடும்பத்தார் பேசத் தொடங்கினால், சிறிது நேரத்தில் அங்கே ஒரு வழக்காடு மன்றமே கூடிவிடும். ராட்டினத்தில் ஏறமாட்டேன் என்று அழுதது தம்பிதான் என்பாள் அக்கா; அழுதது அவள்தான் என்பான் தம்பி. கூட்டத்தில் தொலைந்துபோனது சித்தப்பா மகனா, பக்கத்து வீட்டுப் பையனா என்பதில் அத்தைக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகாது. இத்தகைய நேரங்களில் எதிராளி பொய் சொல்கிறார் என்றோ, அவருக்கு மறந்துவிட்டது என்றோ முடிவு கட்டிவிடுகிறோம். இவ்விரண்டும் அல்லாத இன்னொரு வாய்ப்பும் உண்டு. இருவருமே மனமறிந்து உண்மை பேசிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒருவருடைய நினைவில் நடக்காத ஒன்று நடந்ததாகப் பதிந்திருக்கலாம்.

இதை ஆராய்ந்த உளவியலாளர்களுக்கு டிஸ்னி பூங்கா ஒரு நல்ல களமாக அமைந்தது. 2002ஆம் ஆண்டில் கேத்ரின் பிரான், ரியானன் எல்லிஸ், எலிசபெத் லாஃப்டஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி பேசப்படுவது. சிறுவயதில் டிஸ்னி பூங்காவுக்குச் சென்ற நாளை எண்ணிப் பார்க்கும்படி அழைக்கும் ஒரு விளம்பரத்தை அவர்கள் தயாரித்து, அதில் பக்ஸ் பன்னி என்னும் கார்ட்டூன் முயலையும் இடம்பெறச் செய்தனர். விளம்பரத்தைப் படித்தவர்களில் 16 சதவீதத்தினர், சிறுவயதில் அந்தப் பூங்காவில் பக்ஸ் பன்னியைத் தாங்களே நேரில் சந்தித்ததாகப் பின்னர் கூறினர். பக்ஸ் பன்னியோ வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் பாத்திரம். போட்டி நிறுவனமான டிஸ்னியின் பூங்காவில் அது வந்து நின்று குழந்தைகளோடு கைகுலுக்கியிருக்க வழியே இல்லை. சாதாரணமாக ஒருவருடைய சிறுவயது நினைவைச் சரியா தவறா என்று வெளியார் சோதிப்பது அரிது. இங்கே சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் சோதிக்க முடிந்தது என்பதுதான் இந்த ஆய்வின் அழகு.

இந்த ஆய்வை ஒட்டி, இத்தகைய விளம்பரத்தை ஒருமுறைக்கு மேல் காட்டியபோது அவ்வாறு சொன்னவர்களின் விகிதம் இன்னும் உயர்ந்தது. லாஃப்டஸ் எடுத்துக்காட்டிய அத்தகைய ஓர் ஆய்வில், முயலைச் சந்தித்ததாக நம்பியவர்களில் 62 சதவீதத்தினர் அதோடு கைகுலுக்கியதாகவும், 46 சதவீதத்தினர் அதைக் கட்டியணைத்ததாகவும் சொன்னார்கள்.

ஆகவே நாம் செய்யும் முதல் தவறு, ஒரு நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவு உண்மையாகவும் இருக்கும் என்று கருதுவது. “அந்த முயல் வேடத் துணியின் மெத்தென்ற தன்மை இன்னும் என் கையில் இருக்கிறது” என்று ஒருவர் சொல்லும்போது அதை மறுக்க நமக்கு மனம் வருவதில்லை. அந்த மெத்தென்ற உணர்வு உண்மையாகவே இருக்கலாம். மிக்கி மவுஸ் வேடமிட்டவரை அவர் தொட்டிருக்கலாம். தொலைக்காட்சியில் பார்த்த முயலின் முகம் வேறிடத்திலிருந்து வந்து அந்த உணர்வோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனம் ஒரு செய்தியைச் சேமித்து வைப்பதில் காட்டும் அக்கறையை, அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்பதைச் சேமிப்பதில் காட்டுவதில்லை. கண்டது, கேட்டது, படித்தது, கனவில் வந்தது ஆகியவை காலப்போக்கில் தம் பிறப்பிடத்தை இழந்து ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அமெரிக்காவின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காக்களில் பக்ஸ் பன்னி வேடமிட்டவர்கள் உண்மையாகவே குழந்தைகளை வரவேற்பதுண்டு. அங்கே அதைப் பார்த்த ஒருவர் பிற்காலத்தில் அதை டிஸ்னி பூங்காவில் கொண்டுபோய் வைத்துவிடுவதும் நடக்கக்கூடியதே.

சென்னையைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமான செய்தி அன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி.யும் எம்.ஜி.எம்.மும், தாம்பரத்தை அடுத்துக் கிஷ்கிந்தாவும் பள்ளிச் சுற்றுலாக்களின் வழக்கமான இடங்களாக இருந்த காலத்தில், ஒரே குழந்தை சில ஆண்டுகளுக்குள் எல்லாவற்றுக்கும் போய்வந்திருக்கும். எந்தச் சறுக்கு எந்தப் பூங்காவில் இருந்தது என்பதை இன்று அடித்துச் சொல்வது கடினம். வி.ஜி.பி.யின் வாயிலில் யார் என்ன செய்தாலும் அசையாமல் நிற்கும் சிலை மனிதரையே எடுத்துக்கொள்ளலாம். அவரைச் சிரிக்க வைத்தால் பரிசு கிடைக்கும் என்ற பேச்சு தலைமுறைகளைத் தாண்டி வந்திருக்கிறது. அவர் முன்னால் நின்று கோமாளித்தனம் செய்த குழந்தையும், செய்ததாக அண்ணன் சொல்லக் கேட்ட குழந்தையும், நாற்பது வயதில் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்வார்கள்.

கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்துக் கேட்பது, எனக்குத் தெரிந்தவரை, நம் வீடுகளில் மிக அதிகமாக நடக்கும் தவறு. “அந்த யானை வேஷக்காரர் உன்னைத் தூக்கினாரே, ஞாபகம் இருக்கா?” என்று கேட்கிறோம். அன்பாகத்தான் கேட்கிறோம். ஆனால் அந்தக் கேள்வியில் யானை இருக்கிறது, தூக்கியது இருக்கிறது, நடந்தது என்ற உறுதியும் இருக்கிறது. குழந்தை தலையை ஆட்டுவது மட்டுமே பாக்கி. அடுத்த முறை அந்தக் குழந்தையே யானையைப் பற்றிப் பேசும்போது, நாம் கொடுத்த செய்திதான் திரும்பி வருகிறது என்பது நமக்குத் தெரிவதில்லை, “பார், எவ்வளவு ஞாபகம்!” என்று மகிழ்கிறோம்.

இந்த வழியின் வலிமையை லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரலும் 1995இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஐந்து வயதளவில் ஒரு வணிக வளாகத்தில் தொலைந்துபோய், முதியவர் ஒருவரால் மீட்கப்பட்டதாக ஒரு கற்பனைக் கதையை, நெருங்கிய உறவினர் சொன்ன மூன்று உண்மை நிகழ்ச்சிகளோடு சேர்த்து 24 பேருக்குக் கொடுத்தனர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர், நடக்காத அந்த நிகழ்ச்சியை முழுதாகவோ பகுதியாகவோ நினைவுகூர்ந்ததாகச் சொன்னார். பங்கேற்றவர்கள் மிகக் குறைவு என்ற குறை இதற்கு இருந்தது. 2023இல் அயர்லாந்து ஆய்வாளர்கள் 123 பேரைக் கொண்டு அதே ஆய்வை மறுபடி நடத்தியபோது, விகிதம் 35 சதவீதமாக வந்தது. சொல்பவர் யாரோ எவரோ என்றால் மனம் தயங்கும். அப்பாவும் பெரியம்மாவும் சொன்னதாக வரும்போது, அவர்கள் பார்த்திருக்கிறார்கள், நமக்குத்தான் நினைவில்லை என்று மனம் இடம் கொடுத்துவிடுகிறது. பூங்காவில் தொலைந்துபோன கதைகள் நம் குடும்பங்களில் ஏராளம் என்பதால் இங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

இதற்கு மாற்று மிக எளியது. “அங்கே என்ன பார்த்தாய்?”, “அப்புறம் என்ன ஆச்சு?” என்று திறந்த கேள்விகளாகக் கேட்டுவிட்டு, குழந்தை சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருப்பதே போதும். சொன்னதில் ஏதேனும் தவறு இருப்பதாகத் தோன்றினாலும் உடனே திருத்த வேண்டியதில்லை. நாம் திருத்தும் ஒவ்வொரு முறையும் குழந்தையின் நினைவு இருந்த இடத்தில் நம்முடைய நினைவு போய் உட்கார்ந்துகொள்ளும் வாய்ப்பு இருக்கிறது; அந்த நம்முடைய நினைவுதான் சரியானது என்பதற்கும் உறுதி கிடையாது.

புகைப்படம் இருந்தால் எல்லாத் தகராறும் தீர்ந்துவிடும் என்பது அடுத்த மயக்கம். புகைப்படம் ஒரு நிகழ்ச்சிக்குச் சான்றாகலாம், நினைவுக்குச் சான்றாகாது. படத்தைப் பலமுறை பார்த்தவருக்கு, பூங்காவில் நின்றது நினைவிருக்கிறதா, ஆல்பத்தில் பார்த்தது நினைவிருக்கிறதா என்று பிரித்தறிவது இயலாததாகிவிடும். தன்னையே வெளியிலிருந்து பார்ப்பதுபோல, சிவப்புச் சட்டையோடு ராட்டினத்தில் உட்கார்ந்திருக்கும் தன் முகத்தைக் கண்டு ஒருவர் அந்த நாளை நினைவுகூர்கிறார் என்றால், அந்தக் காட்சி அவருடைய கண்களிலிருந்து வந்திருக்க முடியாது. அது எடுத்தவருடைய கேமராவின் கோணமாக இருக்கலாம்.

பொய்ப் படங்களின் ஆற்றல் இதைவிட அதிகம். கிம்பர்லி வேடும் அவருடன் பணியாற்றியவர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேரின் சிறுவயதுப் படங்களை வெட்டி, அவர்கள் வெப்பக் காற்றுப் பலூனில் பறந்ததுபோல ஒட்டிக் காட்டினர். அவர்களில் எவரும் பலூனில் ஏறியதில்லை. மூன்று நேர்காணல்கள் முடிவதற்குள் பாதிப் பேர் அந்தப் பயணத்தை முழுதாகவோ ஓரளவோ நினைவுகூரத் தொடங்கியிருந்தனர். அன்று அதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் கணினியின் முன் அமர்ந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. இன்று கைப்பேசியில் ஒரு நொடியில் முடிகிறது. காய்ச்சலால் வர இயலாத குழந்தையின் உருவத்தையும் குடும்பப் படத்தில் சேர்த்து, “எல்லாரும் போனோம்” என்று வைத்துக்கொள்ளும் பழக்கம் பரவிவருகிறது. அன்பின் காரணமாகச் செய்தாலும் இதை நான் ஏற்கமாட்டேன். பாட்டி வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டு படுத்திருந்த அந்த நாளும் அந்தக் குழந்தையுடையதுதான். அதை அழித்துவிட்டு வேறொரு நாளை எழுதிக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

பழைய ஆல்பங்களைப் பார்க்கக் கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. வரிசைதான் முக்கியம். முதலில் ஒவ்வொருவரும் தமக்கு நினைவிருப்பதைச் சொல்லட்டும். அதன் பிறகு ஆல்பத்தைத் திறக்கலாம்.

மூன்று வயதுக் குழந்தையை அழைத்துப் போவது வீண், அதற்கு ஒன்றும் நினைவிருக்காது என்று பெரியவர்கள் சொல்வது பாதி உண்மை. 1991இல் நினா ஹேமண்டும் ராபின் ஃபைவுஷும் வெளியிட்ட ஆய்வு இதையே எடுத்துக்கொண்டது. மூன்று அல்லது நான்கு வயதில் டிஸ்னி வேர்ல்டுக்குப் போய்வந்த குழந்தைகளிடம், ஆறு மாதம் அல்லது பதினெட்டு மாதம் கழித்துப் பேசியபோது, எல்லாக் குழந்தைகளும் வியக்கத்தக்க அளவுக்குச் செய்திகளைச் சொன்னார்கள். மூத்த குழந்தைகள் விரிவாகவும், கேட்பவர் அதிகம் தூண்ட வேண்டிய தேவையில்லாமலும் சொன்னார்கள். வீட்டில் அந்தப் பயணத்தைப் பற்றி அதிகம் பேசிய குழந்தைகள் அதிகம் நினைவு வைத்திருந்தார்கள் என்பதும் அதில் தெரிந்தது. ஆனால் இந்த நினைவுகள் நெடுநாள் நிற்பதில்லை. பாட்ரிசியா பாவரும் மரினா லார்க்கினாவும் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று வயதில் நடந்தவற்றில் 60 சதவீதத்துக்கு மேல் ஐந்து முதல் ஏழு வயதுவரை நினைவில் இருக்கின்றன. எட்டு, ஒன்பது வயதில் அது ஏறத்தாழ 35 சதவீதமாகச் சரிகிறது. எனவே “சின்ன வயதில் அழைத்துப் போனோமே, உனக்கு நன்றியே இல்லையே” என்று பத்து வயதுக் குழந்தையைக் கடிந்துகொள்வது பொருளற்றது. மறந்தது அதன் குற்றம் அன்று, அந்த வயதின் இயல்பு. அதேபோல, இரண்டு வயதில் பூங்காவில் நடந்ததை முழுக் காட்சியாக நினைவு வைத்திருப்பதாக ஒரு பெரியவர் சொன்னால், பிறர் சொல்லக் கேட்டதும் பார்த்த படமும் அதில் எவ்வளவு என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

பூங்காவின் அளவைப் பற்றிய நினைவும் இவ்வாறே ஏமாற்றும். கலிஃபோர்னியாவின் அனாஹெய்மில் 1955இல் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்டின் கோட்டை 77 அடி உயரம்தான். மேலே செல்லச் செல்லக் கற்களையும் கோபுரங்களையும் சிறிதாக்கிக் கட்டியதால் அது உள்ளதைவிட உயரமாகத் தோன்றுகிறது. மூன்றடி உயரக் குழந்தைக்கு அது வானத்தைத் தொட்டிருக்கும். வளர்ந்தபின் மறுபடி போய், எல்லாம் சுருங்கிவிட்டது, பராமரிப்பே இல்லை என்று பூங்காவின்மேல் குறைசொல்வதற்கு முன், அளந்த கண் மாறியிருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் படித்தபின் எதிர்த் திசையில் ஒரு தவறு செய்யத் தோன்றும். சிறுவயது நினைவு எதையும் நம்பக் கூடாது என்று முடிவுகட்டி, அம்மா சொல்வதையும் அக்கா சொல்வதையும் வெட்டிப் பேசத் தொடங்குவதே அது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. முயல் விளம்பரத்தைப் படித்தவர்களில் 84 சதவீதத்தினர் முயலைச் சந்தித்ததாகச் சொல்லவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். தவறாக நினைவுகூர்ந்தவர்களும் பூங்காவுக்குப் போனதைக் கற்பனை செய்யவில்லை. அந்த நாளுக்குள் அந்நியமான ஒரு துண்டு நுழைந்திருந்தது, அவ்வளவே. குறிப்பாக, ஒரு கூட்டமான இடத்தில் யாரோ தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக ஒரு குழந்தை சொன்னால், குழந்தைகளின் நினைவு நம்பத்தக்கதன்று என்று இந்த ஆய்வுகளைக் காட்டி ஒதுக்கிவிடுவது பெருந்தீங்கு. அங்கே செய்ய வேண்டியது, பதிலைத் திணிக்காமல் கேட்பதும், சொன்னதைச் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொண்டு உடனே உரியவர்களிடம் கொண்டு செல்வதும்.

குறித்துவைப்பது மகிழ்ச்சியான நாட்களுக்கும் பொருந்தும். பூங்காவிலிருந்து திரும்பிய அன்றிரவே, படங்களைக் காட்டுவதற்கு முன், குழந்தை தானாகச் சொல்வதைக் கைப்பேசியில் பதிவுசெய்து தேதியோடு வைத்துவிடலாம். பெரிய ராட்டினத்தை விட்டுவிட்டு, கழிப்பறைக் குழாயில் தண்ணீர் தானாக வந்ததையும், வரிசையில் முன்னால் நின்றவரின் முதுகையும் பற்றியே அது பேசினாலும் அப்படியே இருக்கட்டும்.