மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்த நோயாளியின் இதயத்தையும் நுரையீரலையும் கவனிக்கும் முறை

மூளையின் ரத்தக்குழாய்ப் புடைப்பு வெடித்து மூளை உறைகளுக்கிடையே ரத்தம் பரவும்போது, அட்ரினலின் வகை ஹார்மோன்கள் திடீரெனப் பெருகி, முன்பு எந்த நோயும் இல்லாத இதயத்தைக்கூடத் தளரச் செய்துவிடும். ஆகவே தலையின் சி.டி. ஸ்கேனோடு நின்றுவிடாமல், நோயாளி வந்தவுடன் ஈ.சி.ஜி. எடுத்து, ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் கசியும் புரதம்) அளவையும் பாருங்கள். இவற்றில் மாற்றம் இருந்தாலோ ரத்த அழுத்தம் தாழ்ந்தாலோ எக்கோ (இதயத்தின் ஒலியலைப் படம்) அவசியம்.

ஈ.சி.ஜி.யில் ஆழமாகத் தலைகீழான டி அலைகளும் எஸ்.டி. பகுதி மாற்றங்களும் (மாரடைப்பிலும் காணப்படுபவை) தெரியும்போது மாரடைப்பு என்று முடிவுகட்டி ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கொடுத்துவிட்டால், இன்னும் அடைக்கப்படாத புடைப்பு மீண்டும் கசியும் ஆபத்து கூடும். எக்கோவில் தளர்ந்திருக்கும் பகுதி ஒரே இதயத் தமனியின் எல்லைக்குள் அடங்காமலும், இதயத்தின் பலவீனத்தோடு ஒப்பிட்டால் ட்ரோபோனின் உயர்வு குறைவாகவும் இருந்தால், இது மூளையால் வந்த தளர்ச்சி என்றே முதலில் கருதலாம். பெரும்பாலும் நாட்களில் அல்லது வாரங்களில் சரியாகிவிடும். மெய்யான மாரடைப்பும் உடன் வரக்கூடும் என்பதால் இதய மருத்துவரின் கருத்தைக் கேட்பது நல்லது. ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்தூண்டல் தொடங்கி அடங்கும் நேரம்) நீண்டிருந்தால் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் சரிசெய்யுங்கள். வாந்திக்கு வழக்கமாக எழுதும் ஒன்டான்செட்ரான் அதை மேலும் நீட்டக்கூடும் என்பதால் அப்போது தவிருங்கள்.

மூளைத் தமனிகள் இறுகுவதால் வரும் பாதிப்பைக் குறைக்க நிமோடிபின் என்ற மருந்து 4 மணி நேரத்துக்கொரு முறை 60 மில்லிகிராம் என 21 நாட்கள் தரப்படுகிறது. அதனால் ரத்த அழுத்தம் தாழ்ந்தால், மருந்தை நிறுத்திவிடாமல் 2 மணி நேரத்துக்கொரு முறை 30 மில்லிகிராமாகப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள்.

நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரத்திலேயே நிகழலாம். மூச்சுத்திணறலும் இளஞ்சிவப்பு நுரையும் அதன் அடையாளங்கள். சுயநினைவு குன்றியவருக்கு வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வருவதும் உண்டு. உண்மையான சிக்கல் திரவக் கணக்கில்தான் இருக்கிறது. மூளைத் தமனிகள் இறுகும் காலம், ஏறத்தாழ 4 முதல் 14ஆம் நாள் வரை, உடலில் நீர் குறைந்தால் மூளைக்கு ரத்தம் போதாது. முன்பு அதற்காக அளவுக்கு மீறி நீரேற்றியபோது நுரையீரல் நிறைந்தது. இன்றைய வழி, குறையாமலும் மிகாமலும் வைத்திருப்பது. எனவே நுரையீரலில் நீர் கோத்திருப்பதைக் கண்டதும் பழக்கத்தால் ஃபுரோசெமைடு (சிறுநீரைப் பெருக்கி நீரை வெளியேற்றும் மருந்து) எழுதாமல், ஏற்றிய நீர், சிறுநீர், சோடியம், எக்கோ ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, இதயமே காரணம் என்றால் அதன் சுருக்கத்தை வலுப்படுத்தும் டோபுடமின் அல்லது மில்ரினோனைப் பரிசீலியுங்கள்.

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு, மற்ற நுரையீரல் நோயாளிகளிடம் பொறுத்துக்கொள்ளும் கார்பன் டை ஆக்சைடு உயர்வை அனுமதிக்க வேண்டாம். அது மண்டையோட்டின் உள் அழுத்தத்தை ஏற்றும். பீப் (மூச்சை விட்ட பின்னும் நுரையீரலில் வென்டிலேட்டர் தக்கவைக்கும் அழுத்தம்) அளவை உயர்த்தும்போது ரத்த அழுத்தத்தின் மீது கண் இருக்கட்டும். தளர்ந்த இதயம் மீண்டதா என்பதை, வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் மற்றொரு எக்கோவில் உறுதிசெய்யுங்கள்.