இயற்பியல், வானியல்: மதுரைப் பிள்ளைகளுக்கு வினாத்தாள் தயாரிப்பது எப்படி?

ஒளியின் வேகம் என்ன என்று கேட்டால், எட்டாம் வகுப்புப் பிள்ளை ‘விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர்’ என்று மூச்சு விடாமல் ஒப்பித்துவிடும். அதற்கு ஒளியைப் பற்றி என்ன புரிந்திருக்கிறது என்பது மட்டும் நமக்குத் தெரியாது. அதையே, ‘மின்னல் வெட்டி 6 விநாடி கழித்து இடி கேட்டது. மின்னல் எவ்வளவு தூரத்தில்?’ என்று கேளுங்கள். ஒலி 3 விநாடிக்கு ஏறக்குறைய 1 கி.மீ. போகும், விடை 2 கி.மீ. ஒளி வந்து சேர்ந்த நேரத்தை ஏன் கணக்கில் எடுக்கவில்லை என்பதை அடுத்த கேள்வியாக வையுங்கள்.

20 கேள்வி, 40 நிமிடம் போதும். நான்கு விடையில் ஒன்றைக் குறிக்கச் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு குறிப்பவருக்கும் சராசரியாக 5 சரியாக வந்துவிடும். அதனால் ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் ‘ஏன்?’ என்று ஒரு வரி இடம் விடுங்கள். விடைக்கு 1 மதிப்பெண், காரணத்துக்கு 2.

தவறான விடைகளை ஒப்புக்கு நிரப்பக் கூடாது; பிள்ளைகள் உண்மையிலேயே நம்புகிற தப்புகள் அங்கே இருக்க வேண்டும். கோடை ஏன் வருகிறது என்ற கேள்வியில் ‘பூமி சூரியனுக்கு அருகே போவதால்’ கட்டாயம் இடம்பெறட்டும். பலர் அதில்தான் விழுவார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகே, 14.7 கோடி கி.மீ. தூரத்தில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், நம் மார்கழிக் குளிரில். நிலா தேய்வதற்குப் ‘பூமியின் நிழல்’ என்பதும் இதே ரகம்.

ஊரில் கண்ணால் பார்ப்பதையே கேள்வியாக்கினால் மனப்பாடம் உதவாது. ‘அழகர் வைகையில் இறங்கும் அதிகாலையில் நிலா எந்தத் திசையில் இருக்கும்?’ சித்ரா பௌர்ணமி ஆயிற்றே, முழுநிலா சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும். கிழக்கே விடியும்போது நிலா மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும். கூடவே, அன்று சூரிய கிரகணம் வருமா என்றும் கேட்கலாம். வராது, அதற்கு அமாவாசை வேண்டும்.

மண்பானைத் தண்ணீர் சித்திரை வெயிலில் நன்றாகக் குளிருமா, ஐப்பசி அடைமழையிலா? கொடைக்கானலில் திறந்த பானையில் சோறு வேக ஏன் நேரமாகிறது? 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அங்கே குக்கர் வைத்தால் என்ன மாறும் என்பது பத்தாம் வகுப்புக்கு ஏற்ற கேள்வி.

சில கேள்விகள் கேட்பவரையே கவிழ்த்துவிடும். ‘6 கிலோ அரிசி நிலாவில் எத்தனை கிலோ?’ என்றால் இரண்டு விடையும் நியாயமாகிவிடும். தராசைச் சொல்லிக் கேளுங்கள்: சுருள்வில் தராசு 1 கிலோ காட்டும், தட்டுத் தராசில் அதே 6 கிலோ எடைக்கல்தான் வேண்டும். சனிக்கு எத்தனை நிலா என்பதை விட்டுவிடலாம். 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 சேர்ந்தன. எந்த அச்சுப் புத்தகமும் இதற்கு ஈடுகொடுக்காது.

திருத்தும்போது, விடை சரி, காரணம் தப்பு என்ற தாள்களைத் தனியே எடுத்து வையுங்கள். அடுத்த வகுப்பில் பேச வேண்டியது அவர்களோடுதான்.

‘மதுரையில் தினமும் உச்சியில் நிழல் மறையுமா?’ என்ற கேள்விக்கு மட்டும் வாய்ப் பேச்சு பத்தாது, செய்து காட்டுங்கள். மறைவது ஆண்டில் இரண்டே முறை: ஏப்ரல் 15, 16 வாக்கிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும். 30 செ.மீ. பிவிசி குழாயை மொட்டைமாடியில் நிறுத்தி, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு நேர்க்குத்தாக இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். 2 டிகிரி சாய்ந்தாலே 1 செ.மீ. நிழல் விழுந்து காரியம் கெடும். தண்ணீர் வடிய மாடித் தளத்தில் வாட்டம் விட்டிருப்பார்கள் என்பதால் அடியில் அட்டை செருக வேண்டியிருக்கும். இன்னொரு தப்பு, சரியாக 12 மணிக்குப் பார்ப்பது. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, மதுரை 78.1 டிகிரியில் இருப்பதால் ஏப்ரலில் உச்சி 12.17 வாக்கில்தான் வரும். அன்றைக்கு மேகம் மூடிவிட்டால் மறுநாள் பார்க்கலாம், நிழல் 2 மி.மீ. அளவுக்குத்தான் மாறியிருக்கும்.