சர்வேயரைக் கூப்பிட முதல் காணி உறுதியை எடுத்து வையுங்கள்

"காணி அளக்க எவ்வளவு?" என்று போனில் கேட்டால் நல்ல சர்வேயர் யாரும் உடனே தொகை சொல்ல மாட்டார். காணி எங்கே, எத்தனை பேர்ச் (ஒரு பேர்ச் 272.25 சதுர அடி), பழைய பிளான் இருக்கிறதா, எதற்காக அளக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார். செலவைத் தீர்மானிப்பதும் இந்த நாலும்தான்.

முதலில் உறுதியின் (காணிப் பத்திரத்தின்) பிரதியை எடுத்து, கடைசியில் இருக்கும் அட்டவணையைப் பாருங்கள். நாலு எல்லை, விஸ்தீரணம், லொட் (காணித் துண்டு) இலக்கம், பிளான் இலக்கம், அதைக் கீறிய சர்வேயரின் பெயர், திகதி எல்லாம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். பிளான் தொலைந்திருந்தாலும் அந்த விபரத்தை வைத்துத் தேடலாம், ஆனால் அந்த அலைச்சலைச் சர்வேயர் தலையில் போட்டால் அதற்கும் சேர்த்துத்தான் காசு.

அடுத்தது நோக்கம். இருக்கும் எல்லையை மீள அளந்து பிளான் கீறுவது ஒரு வேலை. அண்ணன் தம்பிக்குப் பிரித்துக் கொடுப்பது வேறு வேலை: லொட் கூடக் கூட, பாதைக்கு இடம் விட வேண்டி வந்தாலும், செலவு கூடும். பிரிப்பதற்கு உங்கள் பகுதி மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையின் அனுமதியும் வேண்டும். வீட்டு பிளானுக்காக மேடு பள்ளம் அளப்பதென்றால் அதற்குத் தனிக் கணக்கு.

காணி சின்னது என்பதால் செலவும் குறையும் என்று நினைக்காதீர்கள். கொழும்பு வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஐந்தாறு பேர்ச் காணியைச் சுற்றி மதிலும் மாடிக் கட்டடமுமாக இருக்கும், கருவிக்கு ஒரு மூலையிலிருந்து மற்ற மூலை தெரியாது, சட்டலைட் சிக்னலும் ஒழுங்காகக் கிடைக்காது, அதனால் கருவியை நாலைந்து இடத்தில் மாற்றி மாற்றி வைத்துத்தான் அளக்க வேண்டும். வெறும் காணியில் இருபது பேர்ச் அளப்பது இதைவிடச் சுகம். பற்றை மண்டிய காணியாக இருந்தால் அவர் வர முதலே ஆள் பிடித்து வெட்டி விடுங்கள்.

வத்தளையில் எங்கள் காணி உறுதியில் 10 பேர்ச், அளந்தபோது 9.6. சர்வேயர் பழைய பிளானைப் பார்த்து, பக்கத்து மதிலுக்கு அந்தப் பக்கம், அந்த வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு இடத்தை அலவாங்கால் கிண்டச் சொன்னார். ஒரு முழம் ஆழத்தில் பழைய எல்லைக் கல் நின்றது. மதில் ஒன்றேமுக்கால் அடி எங்கள் பக்கம் வந்திருக்கிறது. குறைந்த 0.4 பேர்ச் என்றால் போனது 109 சதுர அடி, ஒரு அறை அளவு. கொழும்புப் பக்கத்தில் பேர்ச் விற்கும் விலைக்கு அது சின்ன விஷயமே இல்லை. அன்றைக்கு மலிவாக வந்து மதிலோடு அளந்துவிட்டுப் போகிறவரைப் பிடித்திருந்தால் அந்தக் கல் வெளியே வந்திருக்காது, எனக்கு இப்போதும் அதை நினைத்தால் மனம் பதறும்.

ஆளைத் தெரிவு செய்யும்போது, இலங்கையின் 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்தவரா, இந்த வருட அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். அந்தத் தொகைக்குள் எல்லைக் கல் நடுவது, போக்குவரத்து, உதவியாள் கூலி, பிளான் பிரதிகள் அடங்குமா, எத்தனை நாளில் கையில் தருவார் என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். வங்கிக் கடனுக்கென்றால் என்ன பிளான் வேண்டும் என்று வங்கியிடம் முதலே கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு தரம் அளக்க வேண்டி வரும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் நாளைச் சொல்லி வையுங்கள். எல்லைத் தகராறு இருந்தால் அதை மறைக்காதீர்கள். சர்வேயர் அளந்து காட்டுவார், காணி யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. அது மத்தியஸ்த சபைக்கோ நீதிமன்றத்துக்கோ போகும் விஷயம்.

அளந்து முடிந்ததும் அவரை அப்படியே அனுப்பிவிடாமல் கூடவே ஒரு சுற்று நடந்து, ஒவ்வொரு கல்லையும் காட்டச் சொல்லி, பக்கத்து மதிலிலிருந்து அது எத்தனை அடி என்று நாடா பிடித்துப் படமெடுத்து வையுங்கள்.