ஈ.எல்.ஏ. வகுப்பின் கலைச்சொற்கள்: அமெரிக்கப் பள்ளியில் புதிதாகச் சேரும் குழந்தைகளின் பெற்றோருக்கு

அமெரிக்கப் பொதுப்பள்ளியில் குழந்தையைச் சேர்த்த சில வாரங்களில் வீட்டுக்கு வரத் தொடங்கும் வேலைத்தாள்களில் பெற்றோரைத் திகைக்க வைப்பது பெரும்பாலும் கணக்கு அன்று. ‘இங்கிலீஷ் லாங்வேஜ் ஆர்ட்ஸ்’ என்னும், சுருக்கமாக ஈ.எல்.ஏ. என்று வழங்கப்படும் பாடமே. ஆங்கில வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள்கூட இதில் தடுமாறுகிறார்கள். வகுப்பில் நடத்திய பாடத்திலிருந்து வினா கேட்டு விடை எழுதப் பழகிய பிள்ளைக்கு, இங்கே முன்பின் கண்டிராத ஒரு பத்தியைக் கொடுத்து, அதன் ‘தீம்’ (உணர்த்தும் கருத்து) என்ன, ‘நரேட்டர்’ (கதைசொல்லி) யார், அதற்கு ‘எவிடன்ஸ்’ (சான்று) எங்கே என்று கேட்கிறார்கள். கதை புரிந்துவிடுகிறது, கேள்விதான் புரிவதில்லை. கேள்வியில் வரும் கலைச்சொற்களைப் பிள்ளைக்குத் தமிழ் வழியாகவே அறிமுகப்படுத்திவிட முடியும் என்பதும், அதைப் பெற்றோரே செய்யலாம் என்பதும் என் கருத்து.

முதலில் சேர்க்கைப் படிவம். வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்கும் ‘ஹோம் லாங்வேஜ் சர்வே’ பெரும்பாலான பள்ளிகளில் உண்டு. தமிழ் என்று எழுதினால் பிள்ளையைத் தனி வகுப்பில் ஒதுக்கிவிடுவார்கள் என்று அஞ்சி, ஆங்கிலம் என்று எழுதுவோர் நம்மில் சிலர் இருக்கிறார்கள். அது தேவையற்ற அச்சம். ஆங்கிலம் போதிய அளவு தெரியாத மாணவர்களுக்கு உதவி அளிக்காமல் விடுவது சட்டத்துக்கு மாறானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. சர்வேக்குப் பிறகு ஒரு தகுதித் தேர்வு நடக்கும். பிள்ளை ‘இங்கிலீஷ் லேர்னர்’ என்று அடையாளம் காணப்பட்டால், கல்வியாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள் பெற்றோருக்குத் தகவல் வர வேண்டும். தரப்படும் சிறப்பு வகுப்பு வேண்டாம் என்று மறுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. ஆனால் மறுத்தாலும் ஆண்டுதோறும் நடக்கும் ஆங்கிலத் திறன் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும். பல மாநிலங்களில் அது ‘விடா ஆக்சஸ்’ தேர்வு. கலிஃபோர்னியா, டெக்சஸ், நியூயார்க் மாநிலங்களுக்குத் தனித்தனித் தேர்வுகள் இருக்கின்றன. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வோர் ஆண்டும் மாநில அளவிலான வாசிப்புத் தேர்வும் நடக்கிறது. அமெரிக்கப் பள்ளியில் சேர்ந்து 12 மாதம் நிறையாத மாணவரை ஒரு முறை அதிலிருந்து விலக்கி வைக்கக் கூட்டரசுச் சட்டம் மாநிலங்களை அனுமதிக்கிறது. உங்கள் மாநிலம் அந்தச் சலுகையைத் தருகிறதா என்று பள்ளியில் கேட்டுவிடுங்கள்.

எந்தச் சொல் எந்த வகுப்பில் வரும் என்பதும் ஓரளவு வரையறுக்கப்பட்டதே. எந்த வகுப்பில் என்ன கற்றிருக்க வேண்டும் என்று சொல்லும், 2010ஆம் ஆண்டு வெளியான ‘காமன் கோர்’ தரநிலைகளைப் பல மாநிலங்கள் அப்படியேயோ சிறு மாற்றங்களுடனோ பின்பற்றுகின்றன. டெக்சஸும் வர்ஜீனியாவும் ஏற்கவில்லை. மினசோட்டா கணக்கை விட்டுவிட்டு ஈ.எல்.ஏ. பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. அந்தத் தரநிலைகளின்படி மூன்றாம் வகுப்பில் கதையின் நீதியைக் கண்டறிந்தால் போதும். நான்காம் வகுப்பில் அதுவே ‘தீம்’ ஆகிறது, கூடவே ‘இன்ஃபரன்ஸ்’ (உய்த்துணர்தல்) வந்து சேர்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளை எழுதுவது ‘ஒப்பீனியன்’ (சொந்தக் கருத்து). ஆறாம் வகுப்பிலிருந்து அது ‘ஆர்க்யுமென்ட்’ (சான்றுகளோடு வாதிடுவது), அதன் மையக் கருத்து ‘க்ளெய்ம்’. ஐந்தாம் வகுப்புக்குப் பின் வந்து சேரும் பிள்ளை, மற்றவர்கள் பல ஆண்டுகளாகப் பழகிய சொற்களை ஒரே பருவத்தில் சந்திக்க நேர்கிறது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

எந்தச் சொற்களிலிருந்து தொடங்குவது? பெரும்பாலான பெற்றோர் இணையத்திலிருந்து அணிவகைகளின் பட்டியலை அச்சிட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். கேள்வியை நடத்திச் செல்லும் வினைச்சொற்களே முதலில் வேண்டும்: ‘இன்ஃபர்’ என்றால் நேரடியாகச் சொல்லப்படாததை உய்த்துணர்வது; ‘சைட்’ என்றால் பத்தியிலிருந்து சான்று எடுத்துக் காட்டுவது; ‘சம்மரைஸ்’ என்றால் சொந்தக் கருத்தைக் கலக்காமல் சுருக்கிச் சொல்வது; ‘கம்பேர்’ என்றால் ஒற்றுமை, ‘கான்ட்ராஸ்ட்’ என்றால் வேற்றுமை. ‘டெக்ஸ்ட்’ என்பது இங்கே கைப்பேசிச் செய்தி அன்று, கொடுக்கப்பட்ட பத்தி என்பதையும் சொல்லி வையுங்கள். சிறுவர்களுக்கு அந்தக் குழப்பம் உண்மையாகவே வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். “மீரா மூன்றாவது முறையாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மேசையில் பத்துத் தட்டுகள் அடுக்கியபடியே இருந்தன. வாசல் மணி ஒலிக்கவே இல்லை.” மீராவின் மனநிலை குறித்து என்ன ‘இன்ஃபர்’ செய்யலாம் என்பது கேள்வி. ‘அவள் வருத்தமாக இருக்கிறாள்’ என்று மட்டும் எழுதும் பிள்ளைக்கு விடை தெரியும், ஆனாலும் முழு மதிப்பெண் கிடைக்காது. அழைத்த விருந்தினர் வராததால் அவள் ஏமாற்றத்தில் இருக்கிறாள் என்று சொல்லி, மூன்று முறை கடிகாரம் பார்த்ததையும் தொடப்படாத தட்டுகளையும் சான்றாகக் காட்டி, அந்தச் சான்று அந்த முடிவுக்கு எப்படி இட்டுச் செல்கிறது என்று ஒரு வாக்கியம் விளக்கியும் எழுத வேண்டும். பல பள்ளிகளில் இந்த வரிசையை ‘ரேஸ்’ என்று கற்பிக்கிறார்கள்: கேள்வியைத் திருப்பிச் சொல், விடை கூறு, சான்று காட்டு, விளக்கு. இந்தப் பயிற்சியை முதலில் தமிழிலேயே செய்யுங்கள். முறை பிடிபட்ட பிறகு ஆங்கிலச் சொற்களைப் பொருத்துவது எளிது.

கதைக்குரிய சொற்களில் ‘கேரக்டர்’, ‘செட்டிங்’, ‘ப்ளாட்’ ஆகியவை சிக்கல் தருவதில்லை. குழப்பம் இரண்டு இடங்களில்தான். ஒன்று, ‘டாபிக்’, ‘மெயின் ஐடியா’, ‘தீம்’ ஆகியவற்றின் வேறுபாடு. ‘நட்பு’ என்பது டாபிக். அது ஒரு சொல்லாகவே நின்றுவிடும். ‘துன்பத்தில் துணை நிற்பவரே நண்பர்’ என்பது தீம்; அது முழு வாக்கியமாக, அந்தக் கதைக்கு வெளியிலும் பொருந்துவதாக இருக்க வேண்டும். மெயின் ஐடியா, அதாவது பத்தி சொல்லவரும் முக்கியக் கருத்து, பெரும்பாலும் கட்டுரை வகைப் பத்திகளுக்கு உரியது. மற்றொன்று, ‘பாயின்ட் ஆஃப் வியூ’. இதைக் கேட்டால் பிள்ளைகள் தம் கருத்தை எழுதிவிடுகிறார்கள். கதை தன்மையில் சொல்லப்படுகிறதா, படர்க்கையில் சொல்லப்படுகிறதா என்பதே பெரும்பாலும் அங்கே கேட்கப்படுவது. தன்மை ‘ஃபர்ஸ்ட் பர்சன்’, படர்க்கை ‘தேர்ட் பர்சன்’.

அணிகளைப் பொறுத்தவரை, உவமை ‘சிமிலி’, உருவகம் ‘மெட்டஃபர்’, உயர்வு நவிற்சி ‘ஹைப்பர்போலி’, மோனை ஏறத்தாழ ‘அலிட்டரேஷன்’, ஈற்றில் ஒலி ஒன்றும் இயைபு ‘ரைம்’. ஆயினும் தமிழ் படித்த பெற்றோர் ஓரிடத்தில் கவனமாக இருக்க வேண்டும். ‘மலர்முகம்’ நமக்கு உவமைத்தொகை. ‘போல’ மறைந்து நின்றாலும் அதை உவமை என்றே கொள்கிறோம். ஆங்கில வகுப்பில் ‘லைக்’ அல்லது ‘ஆஸ்’ என்ற சொல் வெளிப்படையாக இருந்தால்தான் சிமிலி. இல்லையேல் மெட்டஃபர் என்றே திருத்துவார்கள். அதேபோல் ‘பெர்சானிஃபிகேஷன்’ என்பதைத் தற்குறிப்பேற்றம் என்று கற்பிப்பது முழுதும் சரியாகாது. மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைந்ததைக் கோவலனை வர வேண்டாம் என்று தடுத்ததாகச் சிலப்பதிகாரம் கூறுவது தற்குறிப்பேற்றம். இயல்பாக நடப்பதற்குக் கவிஞர் தாமே ஒரு காரணம் கற்பிக்கிறார். காரணம் எதுவும் கற்பிக்காமல் ‘காற்று முணுமுணுத்தது’ என்று மனிதச் செயலை ஏற்றிச் சொன்னாலே பெர்சானிஃபிகேஷனுக்குப் போதும்.

இலக்கணத்தில் பெயர்ச்சொல், வினைச்சொல், பெயரடை, வினையடை ஆகியவற்றுக்கு ஆங்கிலப் பெயர் சொல்லிக் கொடுக்க ஒரு மாலைப் பொழுது போதும். நம் மொழியும் ஆங்கிலமும் பிரியும் இடங்களில்தான் ஆசிரியரின் சிவப்பு மையும் திரும்பத் திரும்ப விழும். ‘அவள் ஆசிரியர்’ என்பது தமிழில் முழுமையான வாக்கியம். பெயரே பயனிலையாக நிற்கும். ஆங்கிலத்தில் நடுவே ‘இஸ்’ இல்லாவிட்டால் அது ‘ஃப்ராக்மென்ட்’, அதாவது முற்றுப்பெறாத வாக்கியம். ‘வந்தேன்’ என்ற ஒரே சொல்லில் எழுவாய் தோன்றாமலே விளங்கும். ஆங்கிலத்தில் ‘ஐ’ இல்லாமல் எழுத முடியாது. மழை பெய்வதைச் சொல்வதற்குக்கூட, பொருள் எதுவும் இல்லாத ‘இட்’ ஒன்றை எழுவாயாக வைத்தாக வேண்டும்.

இதற்கு நேர் எதிரான பிழை ‘ரன்-ஆன்’. ‘பூங்காவுக்குப் போய், விளையாடி, மழை வந்ததும் திரும்பினோம்’ என்று எச்சங்களால் கோத்து ஒரே முற்றில் முடிப்பது நமக்கு இயல்பு. அந்த ஓட்டத்தில் ஆங்கிலம் எழுதும் பிள்ளை, முற்றுவினைகளையே காற்புள்ளியால் ஒட்டிக்கொண்டு போகிறது. ‘இங்கே எத்தனை முற்று இருக்கிறது, அவற்றை இணைக்கும் கன்ஜங்ஷன் எங்கே?’ என்று கேட்டுப் பழக்கினால் இந்தப் பிழை விரைவில் குறையும்.

‘எ’, ‘த’ ஆகிய ஆர்ட்டிகிள்கள் தமிழில் இல்லை என்று கைவிட வேண்டியதில்லை. ‘புத்தகம் வாங்கினேன்’ என்பதற்கும் ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தை காதாலேயே அறியும்; முன்னது ஏதோ ஒரு புத்தகம், பின்னது இருவரும் அறிந்த அந்தப் புத்தகம். இரண்டாம் வேற்றுமை உருபு செய்யும் இந்த வேலையைக் காட்டிவிட்டு ‘த’ பக்கம் வந்தால், விதிகளின் பட்டியலைவிட வேகமாகப் புரிகிறது. எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்றாலும் நல்ல தொடக்கம் இது. ‘பேருந்தில்’, ‘அறையில்’, ‘பள்ளியில்’ என்று ஒரே ‘இல்’ வரும் இடங்களில் ‘ஆன்’, ‘இன்’, ‘அட்’ என்று ப்ரெபசிஷன் மாறுவதற்கோ அப்படிக் குறுக்குவழி கிடையாது. சொற்றொடராகவே கேட்டுப் பழக வேண்டியதுதான்.

ஆசிரியரைச் சந்திக்கும்போது ‘பிள்ளை எப்படிப் படிக்கிறான்’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான மறுமொழிதான் கிடைக்கும். அடுத்த பாடப்பகுதிக்கான சொற்பட்டியலை முன்கூட்டியே தர முடியுமா, வகுப்பில் ‘சென்டென்ஸ் ஃப்ரேம்’ எனப்படும், இடைவெளிகளை நிரப்பி எழுதும் வாக்கிய மாதிரிகளைப் பயன்படுத்துகிறார்களா, அவற்றின் படியை வீட்டுக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். பட்டியல் கைக்கு வந்ததும், பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு தமிழ்க் கதையை எடுத்து, அதில் நரேட்டர் யார், தீம் என்ன, அதற்கு எவிடன்ஸ் எந்த இடத்தில் என்று இரவில் பத்து நிமிடம் பேசுங்கள். முதல் மாதத்துக்கு வினாச் சொற்களும் ‘ரேஸ்’ முறையும் போதும். வாக்கியப் பிழைகளை அதற்கடுத்த மாதங்களில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அணிகளின் பட்டியல், வகுப்பில் கவிதைப் பகுதி தொடங்கும் வரை காத்திருக்கட்டும்.