அடுத்த அலைக்கு முன்னால் டூட்டி சார்ட்டைத் திருத்துங்கள்

கொரோனாவோடு போராடும் டாக்டர்களுக்காக 2020 மார்ச் 22 அன்று ஊரே கைதட்டியது, சந்தோஷம். ஆனால் தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை உள்ள ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில், ஒரு துறைக்கு ஒரே ஸ்பெஷலிஸ்ட் என்று இருக்கும் ஆஸ்பத்திரியில், அந்த ஒரு அனஸ்தீஷியா (மயக்க மருந்து) டாக்டர் தூங்குவதற்கு யாராவது சார்ட்டில் இடம் விட வேண்டும். டாக்டர்கள் பர்ன்அவுட் ஆகாமல், அதாவது வேலையால் ஓய்ந்துபோகாமல் இருக்க முதல் வழி அதுதான், யோகா வகுப்பெல்லாம் அப்புறம்.

நைட் பார்த்தவருக்கு மறுநாள் ஓ.பி. கூடாது. இதை எழுதியே வையுங்கள், வாய்ச்சொல்லாக விட்டால் கூட்டம் வந்ததும் காற்றோடு போய்விடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பி.பி.இ. கிட் என்ற முழுப் பாதுகாப்பு உடையைப் போட்டுக்கொண்டு தண்ணீர்கூடக் குடிக்க முடியாது, ஆகவே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒருவரையே உள்ளே நிறுத்தாதீர்கள். ஆள் போதவில்லையென்றால் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியோடு, அரசோ தனியாரோ, மாற்று ஆளுக்கு இப்போதே பேசி முடியுங்கள்; அலை வந்தபின் அவர்களுக்கும் ஆள் இருக்காது. தலைமை டாக்டர் தன் பெயரையும் ஆஃப் வரிசையில் போடட்டும், இல்லையென்றால் ஜூனியர்கள் லீவு கேட்கவே கூச்சப்படுவார்கள்.

போன் தனிப் பிரச்சினை. சின்ன ஊர், எல்லாரிடமும் உங்கள் நம்பர் இருக்கிறது. "மாமாவுக்கு ஆக்சிஜன் 88 காட்டுது சார், மதுரைக்குக் கொண்டுபோகவா?" என்று தெரிந்த படகுக்காரர் நடுராத்திரியில் கூப்பிட்டால் எடுக்காமல் இருக்க மனசு வராது. அதனால் துறைக்கென்று ஒரு பொது போன் வாங்கி டூட்டியில் இருப்பவர் கையில் கொடுங்கள், ஆஃபில் இருப்பவர் தன் அழைப்புகளை அதற்குத் திருப்பிவிடட்டும்.

வேலைப்பளுவைவிட ஆளை அரிப்பது, ஒரே பெட் இருக்கும்போது யாருக்கு என்று முடிவு செய்வதும், முகம்கூடப் பார்த்திராத குடும்பத்திடம் போனில் சாவுச் செய்தி சொல்வதும்தான். பெட் கொடுப்பதோ, நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் மதுரைக்கு ரெஃபர் செய்வதோ, இரண்டு பேராகப் பேசி முடிவெடுத்து கேஸ் ஷீட்டில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சாவுச் செய்தி சொல்லும் வேலையை ஒருவர் தலையிலேயே கட்டாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்டை நோய்க் கணக்கில் சேர்க்கவில்லை, ஐ.சி.டி.-11 என்ற தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் வேலையால் வரும் ஒரு நிலை என்றே வைத்திருக்கிறது. ஆள் ஓய்ந்துபோவது, வேலை மேலேயே வெறுப்பு வருவது, 'நான் செய்து என்ன ஆகப்போகிறது' என்ற நினைப்பு, இந்த மூன்றும் அடையாளம். லீவு எடுத்தும் தெளியாமல், இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள், பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்பிரசோலம் மாத்திரையை உங்களுக்கு நீங்களே எழுதிக்கொள்ளாதீர்கள்.

2001-இல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் செத்துப்போன மாவட்டம் இது, இன்னும் மனநலம் என்றாலே கூச்சம், டாக்டர்களுக்கே கூச்சம். உள்ளூரில் யாராவது பார்த்துவிடுவார்களே என்றிருந்தால் வெளியூர் மனநல மருத்துவரிடம் வீடியோவில் பேசுங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, அதில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்; ஆபரேஷன் தியேட்டர் மருந்து அலமாரிச் சாவியை சக டாக்டரிடம் கொடுத்துவிட்டு, அவரையே துணைக்கு அழைத்துக்கொண்டு அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போங்கள்.